எதை முதலில் செய்வது? எடையிட்டுத் தீர்மானிக்கும் முறை

ஊராட்சி மன்றத்தின் முன் வரும் பணிகள் பல. கையிலுள்ள பணமோ சிறிது. ஒரு குடியிருப்புக்குக் குடிநீர் வேண்டும். மற்றொன்றுக்கு இணைப்புச் சாலை வேண்டும். ஊரணி தூர்ந்து கிடக்கிறது. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. இவற்றுள் எதை முதலில் மேற்கொள்வது என்ற கேள்வி எழும்போது, கூட்டத்தில் உரத்துப் பேசுவோரின் தெருவே முந்திக்கொள்வது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. எடுத்துச் சொல்லத் தெரியாதவர்களும், ஒரு நாள் கூலியை இழந்து கிராம சபைக்கு வர இயலாதவர்களும் வாழும் குடியிருப்புக்கு ஆண்டுதோறும் கிடைப்பது ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்ற விடை ஒன்றே. இந்நிலையை மாற்றப் பயன்படும் கணக்கு முறை ஒன்றை ஈண்டு ஆராய்வோம். கூட்டலும் பெருக்கலும் அறிந்த எவரும் இதனைக் கையாளலாம்.

உழவர்களுக்கு இம்முறையின் அடிப்படை புதிதன்று. விதை நெல் தேர்ந்தெடுக்கும் விவசாயி விளைச்சலை மட்டுமா பார்க்கிறார்? எத்தனை நாளில் அறுவடையாகும், காற்றுக்குச் சாயுமா, வைக்கோல் மாட்டுக்கு ஆகுமா, வியாபாரி என்ன விலை கொடுப்பார் என்பனவற்றையெல்லாம் மனத்தில் நிறுத்தியே முடிவு செய்கிறார். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டால் அவருடைய எண்ணம் ஒருவகை. திறப்பு தள்ளிப்போனால் வேறுவகை. ஏறத்தாழ 110 நாளில் விளையும் ஆடுதுறை 36க்கும், 155 நாளுக்கு மேல் வயலில் நிற்கும் சி.ஆர். 1009க்கும் உள்ள வேறுபாடு தண்ணீர் குறைந்த ஆண்டில் பெரிதாகிறது. விளைச்சல், வயது, விலை ஆகிய அளவுகோல்கள் மாறவில்லை. அவற்றுக்கு அவர் தரும் எடைதான் மாறுகிறது. தனி ஒருவர் இதனை மனக்கணக்காகவே செய்துவிடலாம். பலர் கூடிப் பொதுப்பணத்தைச் செலவிடும் இடத்தில் அது தாளில் எழுதப்பட வேண்டும்.

எழுதிப் பார்க்கும் வழக்கம் பழையதே. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், 1772ஆம் ஆண்டில் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு தாளை இரண்டாகக் கோடிட்டு ஒருபுறம் சாதகங்களையும் மறுபுறம் பாதகங்களையும் எழுதி, எடையில் ஒத்தவற்றை அடித்துவிடும் முறையை விளக்கினார். இதனை வளர்த்து, பெரிய அளவுகோல்களை உட்பிரிவுகளாகப் பகுத்து, இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை காணும் முறையை 1970களில் தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் வகுத்தார். ‘இவ்விரண்டில் எது முக்கியம், எத்தனை மடங்கு முக்கியம்’ என்று 1 முதல் 9 வரையுள்ள எண்ணால் விடையளிப்பதே அவர் முறை. உட்பிரிவுகளாகப் பகுப்பதன் பயனை ஒரு கணக்கால் உணரலாம். ஒன்பது அளவுகோல்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால் 36 ஒப்பீடுகள் தேவை. அவற்றை மூன்று மூன்றாக மூன்று தலைப்புகளின் கீழ் அடக்கினால் 12 ஒப்பீடுகளே போதும். இன்னொரு நன்மையும் உண்டு. நீர், சாலையைவிட மூன்று மடங்கு முக்கியம். சாலை, விளக்கைவிட இரண்டு மடங்கு முக்கியம் என்று சொன்ன ஒருவர், நீரும் விளக்கும் சமம் என்று பிறகு சொன்னால், அவர் சொல்லில் உள்ள முரண் உடனே வெளிப்பட்டுவிடும்.

இம்முறை அரசாங்கங்களின் பெருங்கணக்குகளிலும் இடம் பெற்றுள்ளது. மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கை அவற்றிடையே பிரிப்பதற்கு, 2021-26 ஆண்டுகளுக்கென 15ஆவது நிதிக்குழு வகுத்த எடைகள் இவை: வருமான இடைவெளிக்கு நூற்றுக்கு 45, மக்கள் தொகைக்கு 15, பரப்புக்கு 15, காடு மற்றும் சூழலுக்கு 10, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் கண்ட செயற்பாட்டுக்கு 12.5, வரி முயற்சிக்கு 2.5. இவ்வெண்களுள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வழக்கு இருக்கிறது. அதற்கு முந்தைய குழு 1971ஆம் ஆண்டின் மக்கள் தொகைக்கு 17.5 எடையும், 2011ஆம் ஆண்டின் தொகைக்கு 10 எடையும் அளித்திருந்தது. 15ஆவது குழுவோ 2011ஆம் ஆண்டுத் தொகையை மட்டுமே எடுத்துக்கொண்டது. குடும்ப நலத் திட்டத்தைச் செவ்வனே நிறைவேற்றிய தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் அதனால் இழப்புக்குள்ளாகும் என்ற முறையீடு எழுந்தது, 12.5 எடையுள்ள தனி அளவுகோல் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்ய வந்ததே. எந்த ஆண்டுக் கணக்கை எடுப்பது என்ற சிறு செய்தியே கோடிக்கணக்கான ரூபாயின் போக்கை மாற்றும் என்பதை இதனால் அறியலாம்.

இனி ஊராட்சிக்கு வருவோம். கற்பனையாக ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். அதில் வடக்குக் குடியிருப்பில் 200 வீடுகள், தெற்கில் 120, கிழக்கில் 60. ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு மட்டுமே பணம் இருக்கிறது. தேவை, பயன்பெறுவோர், செலவு என மூன்று அளவுகோல்களைக் கொண்டு, அவற்றுக்கு முறையே 50, 20, 30 என மன்றம் எடை வகுக்கிறது. தேவையின் உட்பிரிவுகள் மூன்று: இப்போது கிடைக்கும் நீரின் அளவு, நடக்கும் தூரம், நீரின் தன்மை. செலவுக்கு இரண்டு: கட்டும் செலவு, ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்பு. தலைப்பின் எடை உட்பிரிவுகளுக்குப் பகிரப்படும். பராமரிப்புக்குக் கட்டும் செலவைவிட மிகுந்த எடை தந்திருப்பதைக் கவனிக்க. கட்டும் பணம் அரசிடமிருந்து வரும். மின் கட்டணமும் மோட்டார் பழுதும் ஊராட்சியின் தலையில் விழும்.

ஒவ்வொன்றுக்கும் 10க்கு மதிப்பெண் இடுவோம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவான, நாளொன்றுக்கு ஆளுக்கு 55 லிட்டர் கிடைக்கும் இடத்துக்கு 0. ஒன்றுமே கிடைக்காத இடத்துக்கு 10. மிகுந்த வீடுகள் உள்ள குடியிருப்புக்கு 10, மற்றவற்றுக்கு அவ்விகிதப்படி. செலவு குறைந்தால் மதிப்பெண் கூடும்.

நீரின் அளவு (எடை 25): வடக்கு 3, கிழக்கு 9, தெற்கு 5
நடக்கும் தூரம் (எடை 15): வடக்கு 2, கிழக்கு 10, தெற்கு 5
நீரின் தன்மை (எடை 10): வடக்கு 4, கிழக்கு 6, தெற்கு 9
பயன்பெறும் வீடுகள் (எடை 20): வடக்கு 10, கிழக்கு 3, தெற்கு 6
கட்டும் செலவு (எடை 12): வடக்கு 9, கிழக்கு 4, தெற்கு 6
பராமரிப்பு (எடை 18): வடக்கு 8, கிழக்கு 5, தெற்கு 6

எடையையும் மதிப்பெண்ணையும் பெருக்கிக் கூட்டினால் வடக்குக்கு 597, கிழக்குக்கு 633, தெற்குக்கு 590 வருகின்றன. மிகச் சிறிய குடியிருப்பாகிய கிழக்கு முதலிடம் பெறுகிறது. கையை உயர்த்தி முடிவு செய்திருந்தால் 60 வீட்டார் 200 வீட்டாரை வென்றிருக்க முடியாது.

ஆயினும் இத்துடன் கணக்கு முடிந்ததென எண்ணலாகாது. எடைகளைச் சிறிது அசைத்துப் பார்த்தல் வேண்டும். தேவைக்கு உரிய 50இலிருந்து 3ஐ எடுத்துப் பயன்பெறுவோருக்குக் கூட்டினால், வடக்கு சுமார் 618, கிழக்கு சுமார் 616 என முடிவு தலைகீழாகிறது. அப்படியானால் இக்கணக்கு பயனற்றதா? அன்று. மன்றத்தார் எதைப் பற்றி வாதிட வேண்டும் என்பதை அது சுட்டிக்காட்டிவிட்டது. மோட்டாரின் விலையையும் குழாயின் நீளத்தையும் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவதில் பொருளில்லை. தலைகளை எண்ணுவதா, தாகத்தை எண்ணுவதா என்பதே அங்குள்ள உண்மையான வினா. அதற்கு விடை சொல்ல வேண்டியது கிராம சபை. பொறியாளர் அன்று, எழுத்தரும் அன்று.

மதிப்பெண் இடும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. இதில் சிக்குவோர் பலர். வீடுகளின் எண்ணிக்கைக்கு விகிதப்படி மதிப்பெண் இடாமல், மிகுதிக்கு 10, மிகக் குறைவுக்கு 0 என்று வைத்துப் பாருங்கள். கிழக்கு 3க்குப் பதில் 0 பெற்று 573க்கு இறங்கிவிடும். வடக்கு 597உடன் முந்திவிடும். எடையில் ஒன்றும் மாறவில்லை. அளக்கும் கோலின் தொடக்கம் மட்டுமே மாறிற்று. ஆகவே எடையைத் தீர்மானிக்கும்போதே 0 எதைக் குறிக்கும், 10 எதைக் குறிக்கும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஒரே பொருளை இரு பெயர்களில் எண்ணிவிடுவது மற்றொரு பிழை. நம் எடுத்துக்காட்டிலேயே, நீர் குறைவாகக் கிடைப்பதும் நெடுந்தூரம் நடப்பதும் பெரும்பாலும் சேர்ந்தே வருவன. இரண்டுக்கும் முழு எடை தந்தால் ஒரு துன்பம் இருமுறை எண்ணப்படும். இதனைக் கிழக்குக்கு எதிராக வடக்கு உறுப்பினர் எடுத்துச் சொன்னால் அது நியாயமான வாதமே. அதனைக் கேட்டு ஆராய வேண்டும்.

சில செய்திகளை எடையிடவே கூடாது. குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தெற்குக் குடியிருப்பின் கிணற்றில் அவ்வளவைக் கடந்திருப்பின், ‘நீரின் தன்மைக்கு 10 எடைதான்’ என்று சொல்லி அதனை மூன்றாமிடத்தில் நிறுத்துவது கொடுமை. பல்லில் கறை படிவதும், காலப்போக்கில் எலும்பு வளைவதும் பராமரிப்புச் செலவு குறைவதால் ஈடாகிவிடா. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இருந்த இக்கேட்டை முன்னிட்டே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது. இத்தகைய வரம்பு மீறல்களை முதலில் தனியே பிரித்து, அவற்றுக்கு உடனே வழி செய்த பின்னரே ஏனையவற்றைத் தராசில் ஏற்ற வேண்டும்.

நடைமுறையில் மிக முக்கியமானது வரிசை. எடைகளை முதலில் முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் பதிந்துவிட வேண்டும். குடியிருப்புகளின் மதிப்பெண்கள் அதன் பின்னரே வர வேண்டும். மதிப்பெண் தெரிந்த பிறகு எடை வகுத்தால், தமக்கு வேண்டிய தெரு வெல்லும் வரை எடையைத் திருத்துவது எவருக்கும் எளிது. வெளியே பார்ப்போருக்கு அது கணக்காகவே தோன்றும். எண்ணின் போர்வையில் வரும் பாரபட்சம், வாய்ச்சண்டையைவிடக் கேடானது. ஆகஸ்ட் 15ஆம் நாள் கிராம சபையில் எடைகளை நிறைவேற்றி, அக்டோபர் 2ஆம் நாள் சபையில் மதிப்பெண்களை வைத்தால் இடையில் கள விசாரணைக்கும் காலம் கிடைக்கும். அவ்விசாரணைக்குச் செல்லும் குழுவில் குடம் சுமக்கும் பெண்கள் இருவரேனும் இருத்தல் நலம். தூரத்தை அவர்களைவிடச் சரியாகச் சொல்ல வல்லவர் யாருமிலர்.

எடையும் மதிப்பெண்ணும் அடங்கிய பட்டியலை ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கலாம். மறு ஆண்டு தொட்டி கட்டி முடிந்ததும் கிழக்குக்குரிய மதிப்பெண்கள் தாமே குறையும். வடக்கும் தெற்கும் மேலே வரும். எடைகளை மாற்ற விரும்பும் உறுப்பினர், எதனைக் குறைத்து எதனைக் கூட்டுகிறார் என்பதையும் அதற்குரிய காரணத்தையும் சபையில் எழுந்து சொல்லட்டும். அதுவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.