நார்கொண்டம் இருவாச்சி

அந்தமான் தீவுக்கூட்டத்தினின்று விலகி, வட அந்தமானுக்குக் கிழக்கே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் தனித்து நிற்கிறது நார்கொண்டம். பரப்பு ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உயரமோ 710 மீட்டர். கடலடியிலிருந்து எழுந்த எரிமலை ஒன்றின் உச்சியே இத்தீவாகும். தெற்கிலுள்ள பாரன் தீவின் எரிமலை இன்றும் இயங்குகிறது. நார்கொண்டமோ அடங்கி, சரிவுகளில் மழைக்காட்டைப் போர்த்திக்கொண்டுள்ளது. இங்கு ஊர் இல்லை. காவல் சாவடியில் முறைவைத்துப் பணிபுரிவோரே இங்குள்ள மனிதர்.

இக்காட்டின் பெருமை நார்கொண்டம் இருவாச்சி. உலகில் வேறெங்கும் இப்பறவை இயற்கையாக வாழ்வதில்லை. 1873இல் இதனை அறிவியல் உலகிற்கு அறிவித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸ் இயக்கத்தின் தோற்றத்தோடு வரலாற்றுப் பாடத்தில் நாம் அறிந்த அதே ஹியூம்தான். ஆண்பறவையின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண்பறவைக்கு அவை கருமை. முட்டையிடும் காலத்தில் பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து, சிறு பிளவு மட்டும் எஞ்சுமாறு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண்பறவை அத்திப்பழம் முதலானவற்றைக் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டும். உண்ட பழங்களின் விதைகள் காடெங்கும் பரவுவதும் இப்பறவைகளால்தான். ஆனால், இத்தகைய பொந்து முதிர்ந்து பருத்த மரங்களிலேயே அமையும். இளங்கன்று அந்நிலையை எட்டப் பல்லாண்டுகள் வேண்டும்.

இதனை எண்ணாமல், 1976இல் காவலர்களின் உணவுத் தேவைக்காகச் சில ஆடுகள் இங்குக் கொண்டுவரப்பட்டன. மறு ஆண்டே தீவு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. எனினும் அறிவிப்பு ஆடுகளைத் தடுக்கவில்லை. அவை நூற்றுக்கணக்கில் பெருகின. தரையில் முளைத்த கன்றுகளை மேய்ந்தன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் காடு பசுமையாகவே தோன்றியது. முதிர்ந்த மரங்கள் நின்றன. அவற்றின் இடத்தை நிரப்ப வேண்டிய கன்றுகளே இல்லை. ஆய்வாளர்கள் இதனைச் சுட்டிக்காட்டிய பின்னர் ஆடுகள் அகற்றப்பட்டன. கன்றுகள் மீண்டும் தலையெடுத்தன.

பின்னர் வந்தது வேறொரு சிக்கல். எல்லைப் பாதுகாப்புக்காக ரேடார் நிலையம் அமைக்கும் திட்டத்தை, இப்பறவையைக் கருதி 2012இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது, 2014இல் அனுமதித்தது. இரு தரப்பு வாதங்களும் புறந்தள்ளத்தக்கன அல்ல. அண்மைக்கால மதிப்பீடு பறவைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ ஆயிரம் என்கிறது. பெரும்புயலோ நோயோ தாக்கினால், அவை குடிபெயர்வதற்கு மற்றொரு நார்கொண்டம் இல்லை.