பரத்பூர் வாத்துகளும் மதகுகளும்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கியோலாதேவ் பூங்காவின் நடுவே, சிவன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்வெட்டின் படத்தைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதியிருக்கிறாய். எந்த நாளில் எந்தத் துரை வந்தார், எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை விழுந்தது என்று வரிசையாகப் பொறித்த கணக்கு அது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவும் அவருடைய கூட்டத்தாரும் சுட்டது மட்டும் 4,273 பறவைகள். “அந்தக் கல்லைப் பெயர்த்து எறியணும் பெரியப்பா” என்கிறாய்.

உன் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கல் அங்கேயே இருக்கட்டும். ஒரே நாளில் அத்தனை பறவைகளைச் சுட முடிந்ததென்றால் அங்கே எத்தனை வந்து இறங்கியிருக்க வேண்டும்? அவை அந்த இடத்தைத் தேடி வந்தது எதனால்? கல்லூரியில் நீ எழுதப்போகும் கட்டுரையை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கு.

ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை, நீலச்சிறகி எல்லாம் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் கோடையில் குஞ்சு பொரிப்பவை. குளிர் தாங்காமல் தெற்கே வருகின்றன என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். குளிரை வாத்தின் இறகு பெரும்பாலும் தாங்கிவிடும். ஏரி உறைந்துபோனால்தான் தொல்லை. பனிக்கட்டிக்கு அடியில் போய்விட்ட விதையையும் புழுவையும் வாத்தால் எடுக்க முடியாது. பகல் குறையக் குறைய வாத்தின் உடலில் கொழுப்பு சேர்கிறது, அந்தக் கொழுப்பை எரித்துத்தான் பறந்து வருகிறது. புறப்படுவதற்கு முன் ஓர் ஆபத்தையும் அது தாண்ட வேண்டும். இனப்பெருக்கம் முடிந்ததும் வாத்துகள் பறக்க உதவும் சிறகுகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாது. ஒளிந்துகொள்ள நாணல் அடர்ந்த நீர்நிலை இல்லையென்றால் நரிக்கு இரைதான். வரித்தலை வாத்தோ திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேல் அது பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த வழிகளை நாம் அறிந்த விதமும் உனக்குத் தெரிய வேண்டும். பறவையியலாளர் சாலிம் அலி முன்னின்று நடத்திய திட்டத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பரத்பூரில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். சில வளையங்கள் சைபீரியாவிலிருந்து திரும்பி வந்தன. அப்படி வளையத்தைக் கண்டெடுத்துச் சொன்னவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு.

இப்போது நீரைப் பற்றிச் சொல்கிறேன். இதை நிதானமாகப் படி. ஊசிவால் வாத்து இரை தேட முங்கி நீந்துவது அரிது. தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் மேயும். ஒரு முழத்துக்கு மேல் ஆழமான நீர் அதற்கு உறங்கும் இடம் மட்டுமே, சாப்பாட்டுக்கு உதவாது. அந்த ஆழமற்ற நீரும் ஆண்டு முழுக்க நிற்கக் கூடாது. கோடையில் வற்றி, சேறு காய்ந்து வெடித்து, மண்ணுக்குள் காற்றுப் போக வேண்டும். அப்போதுதான் மட்கியவை உரமாகும், ஈரம் பட்டதும் புல்லும் கோரையும் முளைத்து விதை பிடிக்கும். அந்த விதையின் மேல் நீர் ஏறும்போது வாத்துக்குப் பந்தி தயாராகிறது. எப்போதும் தளும்பும் ஏரிதான் நல்ல ஏரி என்ற நம் எண்ணம் இந்தப் பறவைகளுக்குப் பொருந்தாது.

பரத்பூரில் இது தானாக அமையவில்லை. அது ஒரு தாழ்வான பள்ளம். 18ஆம் நூற்றாண்டில் சூரஜ்மல் மன்னர் அஜான் கரையைக் கட்டினார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரச குடும்பத்தினர் கால்வாய் வெட்டி, குறுக்குக் கரைகள் போட்டு, மதகுகள் வைத்து அந்தப் பள்ளத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். வேண்டிய பாத்தியில் வேண்டிய அளவு நீரை நிறுத்தலாம். நோக்கம் வாத்துச் சுடுவதுதான். 1902இல் அன்றைய வைஸ்ராய் கர்சன் பிரபுவுக்காக முதல் பெரிய வேட்டை நடந்தது. கொல்வதற்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் மண்ணையும் நீரையும் புரிந்து செய்தது. இந்த இரண்டையும் சேர்த்தே நீ எழுத வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு, சதுப்பை வடித்து நிலத்தைப் பங்கிடுங்கள் என்று உழவர்கள் கேட்டார்கள். பசியில் இருப்பவர்கள் கேட்காமல் என்ன செய்வார்கள்? சாலிம் அலி நேருவிடம் பேசி அந்த இடத்தைக் காத்தார். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1982இல் தேசியப் பூங்கா, 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

அந்த 1982இல் நடந்ததுதான் என்னை இன்றும் வருத்துகிறது. தேசியப் பூங்கா ஆனதும் எருமை மேய்க்கக் கூடாது என்றார்கள். பறவை நேசர்களும் அதை வரவேற்றார்கள். தலைமுறை தலைமுறையாக மேய்த்து வந்த சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் சிலர் இறந்தே போனார்கள். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த இடம் என்று நாம் கொண்டாடும் பூங்காவில் மனிதர்கள் விழுந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் தடையில்லாமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. வாத்து இறங்கத் திறந்த நீர் குறைந்தது. பம்பாய்க் கழகத்தினர் பத்தாண்டு ஆராய்ந்து சொன்ன முடிவு: எருமைகள் அந்தச் சதுப்பின் ஓர் அங்கம், அவை மேய்ந்ததால்தான் நீர் திறந்திருந்தது. பிற்பாடு புல்லறுக்கக் கிராமத்தாரை அனுமதித்தார்கள். நம் ஊர்க் கண்மாய்களைப் பிடித்திருக்கும் அதே சீமைக் கருவேலம் அங்கும் பரவியபோது, அதை வேரோடு தோண்டி எடுத்து விறகைக் கொண்டுபோனதும் அந்தக் கிராமத்தார்தான்.

சட்டத்துக்கு எதிராக நான் பேசவில்லை. நம் நாட்டில் வேட்டைத் தடை வேண்டியதே. ஆனால் தடை போட்டதோடு வேலை தீர்ந்தது என்று நினைப்பதை ஏற்க மாட்டேன். அமெரிக்காவைப் பார். 1930களின் வறட்சியில் வாத்துகள் சரிந்தபோது, 1934இல் ஒரு சட்டம் போட்டார்கள். வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வில்லை வாங்க வேண்டும், அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கப் போகும். முதல் முத்திரையை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர், விலை 1 டாலர். நீரில் சிதறும் ஈயக் குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி வாத்துகள் நஞ்சேறிச் சாவதைக் கண்டு, 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுதும் தடுத்தார்கள். சுடுபவனையே நிலத்துக்குப் பொறுப்பாக்கிய ஏற்பாடு அது. அதை இங்கே கொண்டுவர வேண்டும் என்பதில்லை, நிலத்துக்கு யார் பொறுப்பு என்பதை அவர்கள் எழுதி வைத்தார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

பரத்பூரில் அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. கம்பீர் ஆற்றின் மேலே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை வந்த பிறகு பூங்காவுக்கு வரும் நீர் குறைந்தது. 2000க்குப் பின் சில ஆண்டுகள் சதுப்பு வறண்டே கிடந்தது. மேலே உள்ள உழவர்களுக்கும் வயல் காய்ந்தது. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவந்தார்கள். அதற்குள் சைபீரியக் கொக்குகள் வருவது நின்றுவிட்டது. கடைசி ஜோடி வந்தது 2001–02 குளிர்காலத்தில். அவை வராமல் போனதற்குப் பரத்பூர் மட்டும் காரணமில்லை, வரும் வழியெல்லாம் வேட்டை இருந்தது.

ஜனவரியில் நீங்கள் கூட்டமாகப் போகும்போது கல்வெட்டைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதே. ஒவ்வொரு பாத்தியிலும் வாத்துகள் எப்படி மேய்கின்றன என்று பார். கழுத்து மட்டும் முங்குகிறதா, உடம்பு கவிழ்கிறதா, முழுதாக மூழ்குகிறதா என்பதை வைத்தே ஆழம் சொல்லிவிடலாம். மதகுகளை எந்த மாதம் திறக்கிறார்கள், யார் உத்தரவில் திறக்கிறார்கள் என்று வனத்துறையினரிடம் கேள். உள்ளே ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் பயிற்சி பெற்றவர்கள், பறவையை நம்மைவிட முன்னால் பார்த்துவிடுவார்கள். எருமை மேய்ந்த காலம் நினைவிருக்கும் வயதில் ஒருவர் கிடைத்தால் அவர் வண்டியிலேயே ஏறு. அவர் சொல்வதை அன்று இரவே எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா