'செட் அவுட்' என்றால் 'புறப்படு' மட்டும்தானா?



ஆங்கிலத்தில் நம்மைப் பயமுறுத்துவது பெரிய வார்த்தைகள் அல்ல. 'டிரான்ஸ்ஃபார்மர்', 'எவாப்பரேஷன்' எல்லாம் நமக்குப் பழகிப்போனவை. செட், டேக், கெட் போன்ற பொடி வினைகளுக்குப் பின்னால் அவுட், ஆஃப், அப் என்று ஒரு வால் ஒட்டும்போதுதான் தடுமாறுகிறோம். இதற்கு ஃப்ரேஸல் வெர்ப் என்று பெயர்.

இது பரீட்சையில் போகும் இரண்டு மார்க் சமாச்சாரம் மட்டுமில்லை. எங்கள் சீனியர் ஒருவரிடம் தோல் கம்பெனி நேர்முகத் தேர்வில், 'ஒய் டூ வி செட் அவுட் தி லெதர்?' என்று கேட்டார்களாம். 'செட் அவுட் என்றால் புறப்படு' என்று மனப்பாடம் செய்தவர் அவர். தோல் எங்கே புறப்படும் என்று திகைத்து நின்றுவிட்டார். மிஷின் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

ஆகவே இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அலசுவோம்.

1. புறப்படு: 'வி செட் அவுட் ஃபார் ஏலகிரி அட் சிக்ஸ்.' ஆறு மணிக்கு ஏலகிரிக்குக் கிளம்பினோம். இறந்த காலத்திலும் 'செட்' தான், மாறாது.

2. ஒரு நோக்கத்தோடு இறங்கு: 'ஹி செட் அவுட் டு பில்ட் எ பம்ப்.' பம்ப் செய்வதென்று இறங்கினான். செய்து முடித்தானா என்பதை இந்த வாக்கியம் சொல்லாது.

3. எடுத்துப் பரப்பி வை: கடைக்காரர் செருப்புகளை மேசைமேல் வரிசையாக அடுக்குவதும் 'செட் அவுட்' தான்.

4. தோலை விரி: சாயம் போட்டு எண்ணெய் ஏற்றிய ஈரத்தோலைக் காயவைப்பதற்கு முன் செட்டிங் மிஷினில் விடுகிறார்கள். அதன் உருளையில் மழுங்கிய பிளேடுகள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் திருகுபோல் ஓடும். அவை தோலை ஓரத்தை நோக்கித் தள்ளி விரிக்கும். சுருக்கம் நீங்கும், தண்ணீரும் ஓரளவு பிழிந்து போகும். சுருக்கத்தோடு காய்ந்துவிட்டால் ஷூ மேல்தோல் வெட்டும்போது அந்த இடம் வீண். தோல் சதுர அடிக் கணக்கில் விலை போவதால், நன்றாக விரிவதும் காசுதான். சீனியரிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

5. பிளானைத் தரையில் குறி: சிவில் நண்பர்களுக்குத் தெரிந்ததுதான். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, 3-4-5 கணக்கில் மூலைமட்டம் பார்க்கிறோமே, அதுதான் 'செட்டிங் அவுட்'. செவ்வகக் கட்டடமானால் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கிறதா என்று அளந்து சரிபார்க்க வேண்டும்.

6. எழுத்தில் தெளிவாக விளக்கு: நம் பாலாற்றுப் பகுதித் தோல் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது அதில் கூறப்பட்ட கொள்கைகளில் ஒன்று. இதை 'தி ஜட்ஜ்மென்ட் செட்ஸ் அவுட் தி பிரின்சிபிள்ஸ்' என்று எழுதலாம்.

ஆறு அர்த்தமா என்று மலைக்க வேண்டாம். 'செட்' என்றால் வை. 'அவுட்' என்றால் வெளியே, விரிவாக. சுருண்டு கிடப்பதை, மனசுக்குள் அல்லது பேப்பருக்குள் இருப்பதை, வெளியே விரித்து ஒழுங்காக வைப்பது. மூன்று முதல் ஆறு வரை எல்லாம் இதுதான். முதல் இரண்டில் ஆளே வெளியே கிளம்புகிறார், அவ்வளவுதான்.

தமிழிலும் இந்த வித்தை உண்டு. 'காப்பி போட்டுக் கொடு' என்கிறோம். 'பத்து ரூபா போட்டுக் கொடுங்க' என்கிறார் ஆட்டோக்காரர். 'வார்டன்கிட்ட போட்டுக் கொடுத்துட்டான்' என்று ஹாஸ்டலில் புலம்புகிறோம். மூன்றையும் யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. கூட வரும் சொற்களைப் பார்த்தே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலும் அதையே செய்யுங்கள்.

சுலபமான சோதனை ஒன்று சொல்கிறேன். 'செட் அவுட்' வந்தால் 'எதை?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் 'புறப்படு'. 'டு' போட்டு ஒரு வினை வந்தால் நோக்கம். தோலை, கட்டடத்தை, விதிகளை என்று பதில் கிடைத்தால் விரி, குறி, விளக்கு ஆகியவற்றில் எது பொருந்துமோ அது. 'அவற்றை' என்று சொல்லும்போது அந்தச் சொல் நடுவில் வரும்: 'செட் தெம் அவுட்'.

வால் மாறினால் கதையும் மாறும். 'செட் அப்' என்றால் நிறுவு. 'செட் ஆஃப்' புறப்படுவதற்கும் வரும், பட்டாசு வெடிப்பதற்கும் வரும். 'தி ரெயின்ஸ் ஹேவ் செட் இன்' என்றால் மழை பிடித்துக்கொண்டது என்று பொருள்.

இப்போது நீங்களே சொல்லிப் பாருங்கள்:

அ) 'தி டெண்டர் செட்ஸ் அவுட் தி கண்டிஷன்ஸ்.'
ஆ) 'செட் அவுட் தி சென்டர் லைன் பிஃபோர் எக்ஸ்கவேஷன்.'
இ) 'தே செட் அவுட் டு ரிடியூஸ் வேஸ்ட்.'

விடை: அ – விளக்கு, ஆ – தரையில் குறி, இ – நோக்கத்தோடு இறங்கு.

மூன்றும் சரியென்றால், அடுத்து 'டேக் ஆஃப்' என்ற சொல்லை எடுத்து, உங்கள் டிபார்ட்மெண்ட் புத்தகங்களில் அது எத்தனை விதமாக வருகிறது என்று தேடிப் பாருங்கள். நோட்டில் ஒரு பக்கம் அதற்கென்றே ஒதுக்குங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை புரட்டிவிட்டுப் போங்கள்.