ஆடிக் காற்று உண்டு, ஆடித் தண்ணீர் இல்லை

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. நேத்ரா குமணனைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, தனி ஆளாகப் பாய்மரப் படகு ஓட்ட வேண்டும் என்கிறாள். எங்கள் பக்கம் ஆடியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. பொன்னேரி, கரைவெட்டி என்று ஏரிகளும் உண்டு. இங்கேயே பழக முடியாதா? பலத்த காற்றில் ஒற்றை ஆள் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: முடியாது. ஆடிக் காற்று பெரம்பலூர், அரியலூரில் புழுதி கிளப்பும்போது ஏரிகள் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் வந்து கரைவெட்டி நிறையும்போது அந்த மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும். தவிர, கரைவெட்டி பறவைகள் சரணாலயம். 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வலசைப் பறவைகள் இறங்கும் நீரில் படகுப் பயிற்சி என்ற பேச்சே வேண்டாம். பொன்னேரி, ராஜேந்திர சோழன் பாசனத்துக்கு வெட்டிய சோழகங்கம். தூர்ந்த ஏரியில், படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டேகர் போர்டு சேற்றில் குத்தி நின்றுவிடும்.

கடலோரத்தில் பிறக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஐஎல்சிஏ 4 படகில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேச விவசாயியின் மகள். பயிற்சி போபால் ஏரியில். ஹைதராபாத் ஹுசைன் சாகர் ஏரியிலோ மழைக்கால மேற்குக் காற்றை நம்பியே ஜூலையில் போட்டி வைக்கிறார்கள். அங்கே அந்த மாதத்தில் காற்றும் உண்டு, நீரும் உண்டு.

இனி காற்று. ஏரியில் தொல்லை தருவது அதன் வேகத்தைவிட அதன் சீரின்மைதான். கரை மரங்களிலும் கட்டடங்களிலும் மோதி உடைந்து, திசை மாறி மாறி, திடுதிப்பென்று அறையும். இருவர் படகென்றால் ஒருவர் வெளியே சாய்வார், ஒருவர் சுக்கான் பிடிப்பார். ஒற்றை ஆளுக்கு ஒரு கையில் சுக்கான், மறு கையில் பாய்க் கயிறு. சாய்வைத் தடுக்க உடம்பு மட்டுமே. ஆகவே கண் முன்கூட்டியே வேலை செய்ய வேண்டும். காற்று வரும் திசையில் நீர்ப்பரப்பு கருத்துச் சிலிர்த்தால் அடுத்த அறை அங்கிருந்துதான். அது எட்டும் முன்பே கால்களைப் படகின் உள்ளே இருக்கும் பட்டையில் மாட்டி வெளியே சாய்ந்துவிட வேண்டும். எட்டியதும் கயிற்றைக் கொஞ்சம் நெகிழ்த்தி, படகின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். புதியவர்கள் பயத்தில் கயிற்றை இறுக்கிப் பிடிப்பார்கள், அப்படித்தான் கவிழ்கிறார்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாமல், மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, டேகர் போர்டில் ஏறி நின்று நிமிர்த்த வேண்டும். பயிற்சியாளர்கள் இதை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குவார்கள்.

எடைக்கேற்ற பாய் முக்கியம். 15 வயது வரை ஆப்டிமிஸ்ட் படகு, நீளம் 2.3 மீட்டர்தான். உங்கள் மகள் சற்று உயரமானவள் என்றால் நேராக ஐஎல்சிஏ 4க்கே போகலாம். அதன் பாய் 4.7 சதுர மீட்டர். நேத்ராவின் ஐஎல்சிஏ 6இல் 5.76, பாய்மரப் படகு வீரர் விஷ்ணு சரவணனின் ஐஎல்சிஏ 7இல் 7.06. மூன்றுக்கும் உடல் ஒன்றே, பாயும் பாய்மரமும்தான் வேறு.

நேத்ரா 12 வயதில் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் நடத்திய கோடை முகாமில் தொடங்கியவர். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்டார். அடுத்த கோடை விடுமுறையில் மகளைச் சென்னைக்கு அழைத்துப் போங்கள். அதற்குள் நீச்சல் மட்டும் பழக்கிவிடுங்கள். அதற்கு ஊர்க் கிணறே போதும், நீச்சல் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால்.