பவர் கார்டின் மேல் இருப்பது என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு என்று விசாரிப்பார்கள். பவர் கார்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அதன் மேலுறை பெரும்பாலும் பிவிசி, அதாவது பாலிவினைல் குளோரைடு. சித்தையன்கோட்டை வயல்களுக்கு மோட்டார் தண்ணீர் கொண்டுபோகும் விறைப்பான குழாயும் இதுதான். மேட்டூரில் கெம்பிளாஸ்ட் நிறுவனம் 1967-லேயே இதைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

விறைப்பான பொருள் வளையும் வயராவது எப்படி? பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைக் கலக்கிறார்கள். நாளாக ஆக அது மெல்ல வெளியே கசியும். மவுஸ் மேலேயே வயரை இறுக்கிச் சுற்றிப் பரணில் போட்டால், சில வருடங்களில் வயரின் தடம் பிளாஸ்டிக்கில் பதிந்திருப்பது இதனால்தான். தளர்வாகத் தனியே சுருட்டி வையுங்கள்.

தூய பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். ஆகவே எளிதில் தீப்பற்றாது. ஆனால் இது தெர்மோபிளாஸ்டிக். சூடானால் இளகும், ஆறினால் இறுகும். சாதாரண பிவிசி வயருக்கு 70 டிகிரி செல்சியஸ்தான் வரம்பு. கம்ப்யூட்டர் செருகியுள்ள மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே அயர்ன் பாக்ஸையும் செருகினால், மெல்லிய செம்புக் கம்பி சூடேறி, உறை இளகி, கம்பிகள் ஒன்றோடொன்று உரசும். பிறகு ஷார்ட் சர்க்யூட்தான்! வயர் தொட்டால் சுடுகிறதா? சுவரிலுள்ள சுவிட்சை உடனே அணையுங்கள். புதிது வாங்கும்போது வயரில் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வயரைச் செம்புக்காக எரிக்கவே கூடாது. அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரம் பட்டால் அது அமிலம். நஞ்சான டையாக்சினும் உருவாகும். உறையைக் கத்தியால் உரித்தாலே செம்பு கிடைத்துவிடும்.