கொல்லையில் கேரட்

அங்கன்வாடியில் தாய்மார்கள் கூடினார்கள். “பிள்ளைகளுக்குக் கீரை கொடுங்கள். பப்பாளி கொடுங்கள். கேரட் கொடுங்கள். இவற்றில் வைட்டமின் ஏ சத்து கிடைக்கும். இந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் நோய் வரும்” என்று சொன்னார்கள்.

மருமகள் இதைக் கேட்டு வந்தாள். வீட்டில் கீரை உண்டு. பப்பாளி மரமும் உண்டு. கேரட் இல்லை. சந்தையில் வாங்கப் பணம் வேண்டும்.

“கொல்லையில் விதைக்கலாமா, அத்தை?” என்று கேட்டாள்.

“விதைக்கலாம், அம்மா. கேரட் என்பது வேர். வேர் இறங்க மண் இளக வேண்டும்” என்றார் மாமியார்.

அது நவம்பர் மாதம். கேரட்டுக்குக் குளிர் வேண்டும். சமவெளியில் குளிர்காலமே ஏற்றது. நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளில் பல மாதங்களில் பயிரிடுகிறார்கள்.

இருவரும் 1 அடி ஆழம் கொத்தினார்கள். கல்லைப் பொறுக்கினார்கள். மக்கிய தொழு உரம் இட்டார்கள். புதுச் சாணம் இடவில்லை. கல் தடுத்தாலும், புதுச் சாணம் இட்டாலும் கேரட் இரண்டாகப் பிளந்து வளரும்.

விதை மிகச் சிறியது. அதை மணலில் கலந்து தூவினார்கள். அரை அங்குல ஆழம். வரிசைக்கு வரிசை 1 அடி. நாற்று விட்டுப் பிடுங்கி நடவில்லை. பிடுங்கி நட்டால் வேர் கோணிவிடும். பூவாளியால் நீர் தெளித்தார்கள். 12 நாளில் முளைத்தது.

செடிகள் 2 அங்குலம் வளர்ந்தன. மாமியார் நடுநடுவே பிடுங்கத் தொடங்கினார். மருமகள் பதறினாள்.

“முளைத்ததைப் பிடுங்கலாமா, அத்தை? பாவம் இல்லையா?”

“நெருக்கமாக இருந்தால் எதுவும் பருக்காது, அம்மா. செடிக்குச் செடி 2 அங்குலம் வேண்டும்.”

மருமகளுக்கு மனம் வரவில்லை. “சரி, பாதிப் பாத்தியை அப்படியே விடுவோம். நீயே பார்” என்றார் மாமியார்.

களை எடுத்தார்கள். மண் காயாமல் நீர் விட்டார்கள். காய்ந்த மண்ணில் திடீரென நிறைய நீர் விட்டால் கேரட் வெடிக்கும். மேலே தெரிந்த பகுதியை மண்ணால் மூடினார்கள். வெயில் பட்டால் அது பச்சையாகிவிடும்.

100 நாள் ஆயிற்று. நீர் விட்டு, மண் இளகியதும் பிடுங்கினார்கள். கலைத்த பாதியில் கேரட் திரண்டு வந்தது. கலைக்காத பாதியில் எலிவால் போல வந்தது. மருமகள் சிரித்துவிட்டாள்.

“அடுத்த முறை நானே பிடுங்குகிறேன், அத்தை.”

உடனே இலைகளை வெட்டினார்கள். இலை இருந்தால் கேரட் சீக்கிரம் வாடும். எண்ணெய் விட்டுப் பொரியல் செய்தார்கள். எண்ணெய் சேர்ந்தால் அந்தச் சத்து உடலில் நன்றாகச் சேரும்.

மாலையில் பிள்ளை தடுமாறினால் கேரட் விளையும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

விடை சொல்லுங்கள்:
1. புதுச் சாணம் ஏன் இடக் கூடாது?
2. செடிகளை ஏன் கலைக்க வேண்டும்?
3. உங்கள் கொல்லையில் என்ன விதைக்கலாம்?