எந்த பெட்?

2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவான வாரம். அரசு மருத்துவமனை ஒன்றின் கொரோனா வார்டில் எனக்குக் காலை டூட்டி.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பை தொங்கும் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன். கழற்றினால்தான் சாப்பிட முடியும். கழற்றினாலோ விரலில் மாட்டிய கருவியில் எண் மளமளவென்று இறங்கும். அதனால் ஒரு விள்ளல் இட்லி, உடனே மாஸ்க். எண் 90-ஐத் தொடும்வரை காத்திருந்து அடுத்த விள்ளல். ஒன்றரை இட்லிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் முகம் சுளித்தார்: "சாம்பார்ல ஊறினா அது இட்லியா? காரச் சட்னி இல்லையா?"

"நாளைக்குக் கொண்டாறேம்மா."

நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் சமைக்கும் அண்ணனிடம் கெஞ்சி, சின்ன டப்பாவில் வாங்கிப் போனேன். அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார்.

கவச உடைக்குள் அழக்கூடாது. தைரியம் காட்டுவதற்காக இல்லை. கண்ணாடி பனித்துவிட்டால் ஊசி போட நரம்பு தெரியாது, துடைக்க முகத்தில் கை வைக்கவும் முடியாது. ஆறு மணி நேரம் கழித்து உடையைக் கழற்றும்போது அழுகை வரவில்லை. பசிதான் வந்தது. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம்.

அந்த மாதம் எத்தனையோ பேர் போனார்கள். பலருடைய முகம்கூட நினைவில்லை. ஆனால் பிறகு வீட்டில் மகன் காரச் சட்னி கேட்டபோதெல்லாம் அவன்மேல் எரிந்து விழுந்தேன். ராத்திரி எழுந்து, தூங்குகிறவன் மூச்சை எண்ணினேன். 2020 மார்ச்சில் ஊரே எங்களுக்காகக் கைதட்டியது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீராங்கனை என்று சொல்லிவிட்ட பிறகு, "என்னால முடியல" என்று யாரிடம் சொல்வது?

எங்கள் சீனியர் அக்கா ஒருவர்தான் கண்டுபிடித்தார். "என்னாச்சு?" என்று கேட்டிருந்தால் "ஒண்ணுமில்லக்கா" என்றிருப்பேன். அவர் கேட்டது, "எந்த பெட்?" சட்னி வரைக்கும் கொட்டிவிட்டேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எனக்கு ஆறாம் பெட்" என்று தன் கதையைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நோயாளியிடம் "சரியாயிடும்", "நாளைக்கு" இரண்டையும் விட்டுவிட்டேன். "ரெண்டு மணி வரைக்கும் இங்கேதான் இருப்பேன்" என்பேன். அது என்னால் முடிந்த வாக்கு.

தூக்கம் மட்டும் திரும்பவில்லை. எங்கள் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று அந்தப் பக்கமே போகவில்லை. பக்கத்து ஊர் டாக்டரிடம் போனேன். கூச்சமென்றால் அப்படியாவது போங்கள், தப்பே இல்லை. இப்போது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். நான் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். அதற்கு விலை கொடுத்தவன் என் மகன்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, டூட்டி முடிந்தும் ஒற்றைச் செருப்பை மாட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"எந்த பெட்டும்மா?"

"இருபத்திரண்டு, சிஸ்டர்" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.